அப்பாவின் கார், முடிந்துபோன பாலிசி: ஓட்டிய மகனுக்கும் ஆர்.சி.யில் பெயருள்ள அப்பாவுக்கும் என்ன ஆகும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 23 வயது. லைசென்ஸ் இருக்கிறது. கார் அப்பா பெயரில். வாகனச் சோதனையில் நிறுத்தியபோதுதான் இன்சூரன்ஸ் முடிந்து 19 நாள் ஆகியிருப்பது தெரிந்திருக்கிறது. அபராதம் கட்டியாகிவிட்டது. இப்போது அவர் கேட்பது இரண்டு. பாலிசியில் அப்பா பெயர் மட்டும்தான் இருக்கிறது; அப்படியானால் இன்சூரன்ஸ் இருந்த காலத்தில் நான் ஓட்டியதும் தப்பா? அந்த 19 நாளில் யார் மேலாவது மோதியிருந்தால் எனக்கும் அப்பாவுக்கும் என்ன ஆகியிருக்கும்?

வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் பல வருடங்களாக நடத்துகிறேன். அடிபட்டவர்கள் பக்கமும் வாதாடியிருக்கிறேன், வண்டிக்காரர்கள் பக்கமும் வாதாடியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். நான் சொல்வது இந்தியச் சட்டம்.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. நீங்கள் ஓட்டியது தப்பில்லை. நம் நாட்டில் மோட்டார் இன்சூரன்ஸ் வண்டியோடு போகிறது, ஓட்டுகிற ஆளோடு போவதில்லை. தனியார் கார் பாலிசியை எடுத்துப் பாருங்கள், ஓட்டுநர் பற்றிய பத்தி ஒன்று இருக்கும். காப்பீடு எடுத்தவர் உட்பட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், விபத்து நடக்கும் நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதி இழந்தவராக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர்கூட அதற்கான விதிகளைக் கடைப்பிடித்தால் ஓட்டலாம். மகன், மகள், மாப்பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் இதே விதிதான்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இணையத்தில் தேடினால் பிரிட்டனைப் பற்றிய பக்கங்கள்தான் நிறைய வருகின்றன. அங்கே விதி வேறு. பொதுவாகப் பாலிசியில் யார் யார் ஓட்டலாம் என்று பெயர் போட்டே எழுதுவார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத மகன் அப்பாவின் காரை எடுத்தால், காருக்குப் பாலிசி இருந்தாலும் அவர் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவர்தான். 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 புள்ளி. லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவருக்கு 6 புள்ளி விழுந்தால் லைசென்ஸே ரத்து. படிக்கவோ வேலைக்கோ அங்கே போயிருப்பவர்கள் நம்மூர்ப் பழக்கத்தில் உறவினர் காரை எடுத்து ஓட்டிவிடாதீர்கள். இங்கே இருக்கும் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் ஒரே ஒரு இடத்தில், பாலிசியில் உங்கள் பெயர் இல்லாதது இங்கேயும் உங்களைப் பாதிக்கும். அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பாலிசியில் தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒரு வரி இருக்கும், தொகை 15 லட்சம். 2018-ல் காப்பீட்டுத் துறை ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உயர்த்திய தொகை அது. அது யாருக்கு? ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பெயர் இருந்து, லைசென்ஸும் வைத்திருக்கிற உரிமையாளருக்கு மட்டும். காரை நீங்கள் ஓட்டிப்போய் உங்களுக்கு ஏதாவது ஆனால் அந்த 15 லட்சம் உங்கள் குடும்பத்துக்கு வராது. சரி, மூன்றாம் நபர், அதாவது உரிமையாளரும் கம்பெனியும் அல்லாத வெளியாள், என்று சொல்லி இழப்பீடு கேட்கலாமா என்றால் அதற்கும் வழியில்லை. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அவர் மூன்றாம் நபர் அல்ல என்று 2009-ல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, அப்பாவின் பாலிசி உயிரோடு இருக்கும்போதுகூட, ஓட்டுகிற பிள்ளைக்கு அதில் பாதுகாப்பு மிகக் குறைவு. உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்வதுதான் வழி. அதற்கு அப்பாவின் பாலிசியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இதற்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது, மற்றவரை ஓட்ட வைக்கவோ ஓட்ட விடவோ கூடாது. இந்த ‘ஓட்ட விடவோ’ என்கிற சொல்லில்தான் அப்பா மாட்டுகிறார். சாவியை எடுத்துக் கொடுத்தவரும் குற்றவாளி, ஓட்டியவரும் குற்றவாளி. தண்டனை பிரிவு 196-ல் இருக்கிறது: 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் அபராதம் 4,000 ரூபாய். 2019 செப்டம்பர் முதல் இந்தத் தொகை. நடைமுறையில் சிறைக்கு யாரும் போவதில்லை, பணத்தைக் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்களும் அப்படித்தான் வந்திருக்கிறீர்கள்.

“இன்சூரன்ஸ் முடிந்தது எனக்குத் தெரியாது, அது அப்பா பார்க்கிற விஷயம்” என்று சொல்லலாமா? சட்டத்தில் அப்படி ஒரு விதிவிலக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கு மட்டும். முதலாளி பாலிசியைப் புதுப்பித்தாரா இல்லையா என்று டிரைவருக்குத் தெரிய வாய்ப்பில்லை, அதனால் அவருக்கு அந்தச் சலுகை. மகனுக்கு அது கிடையாது.

ரோட்டில் நிறுத்தியபோது போட்ட 2,000 ரூபாயை வைத்து இந்த விஷயத்தின் எடையை அளக்காதீர்கள். விபத்து நடந்த பிறகு வருவது வேறு கணக்கு. அதை ஒரு உதாரணத்தில் போட்டுக் காட்டுகிறேன்.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் உங்கள் கார் மோதி இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 30. சொந்தமாகச் சின்னத் தொழில், மாதம் 20,000 ரூபாய் வருமானம். மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா என்று நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கிலும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் கொடுத்த சூத்திரம்தான் இன்று வாகன விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் எல்லாத் தீர்ப்பாயங்களிலும் நடப்பது. 40 வயதுக்குக் கீழே, சொந்தத் தொழில் என்றால், எதிர்கால வளர்ச்சிக்காக வருமானத்தில் 40 சதவீதம் கூட்ட வேண்டும்: 28,000. நம்பியிருப்பவர்கள் நான்கு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழிக்க வேண்டும்: 21,000. வருடத்துக்கு 2,52,000. 30 வயதுக்குப் பெருக்கும் எண் 17. பெருக்கினால் 42,84,000 ரூபாய். இதற்கு மேல் இறுதிச் சடங்குச் செலவு, சொத்திழப்பு, குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் துணை இழப்புக்கான தொகை. எல்லாவற்றுக்கும் மேல் வட்டி.

அந்தக் குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் இது பெரிய தொகை இல்லை. அந்தக் குழந்தைகள் வளர்ந்து ஆளாக வேண்டும். பாலிசி இருந்தால் இதை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். மரணத்துக்கும் காயத்துக்கும் மூன்றாம் நபர் காப்பில் உச்சவரம்பு கிடையாது, 42 லட்சமானாலும் 2 கோடியானாலும் கம்பெனியின் பொறுப்பு. 2022 ஜூனில் அரசு நிர்ணயித்தபடி, 1000 முதல் 1500 சி.சி. வரை உள்ள தனியார் காருக்கு ஒரு வருட மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய், வரி தனி. அந்தப் பணம் கட்டப்படாமல் இருந்த 19 நாளில் இந்த 42 லட்சத்துக்கு நீங்களும் அப்பாவும்தான் பொறுப்பு.

கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று தீர்ப்பில் எழுதுவார்கள். பாதி உங்களுக்கு, பாதி அப்பாவுக்கு என்று யாரும் பிரித்துத் தரப்போவதில்லை. முழுத் தொகையையும் இருவரில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் வசூலிக்கலாம். 23 வயதில் உங்கள் பெயரில் என்ன இருக்கும்? வீடு, மனை, வங்கியில் போட்டு வைத்த ஓய்வுக்காலப் பணம் எல்லாம் அப்பா பெயரில். அதனால் வசூல் அவர் பக்கம்தான் திரும்பும். பணம் கட்டவில்லை என்றால் தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பும், நிலவரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிப்பார்கள். பிரிவு 174 அதற்குத்தான். வழக்கு நடக்கும்போதே அப்பா காலமாகிவிட்டாலும் விடாது, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகள் கட்ட வேண்டும்.

“கார் பேருக்குத்தான் அப்பாவுடையது, மூன்று வருடமாக நான்தான் வைத்திருக்கிறேன், பெட்ரோல், சர்வீஸ் எல்லாம் என் செலவு” என்று பலர் சொல்வார்கள். தீர்ப்பாயத்தில் அது எடுபடாது. உரிமையாளர் என்றால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான். 2018-ல் நவீன் குமார் வழக்கில், காரை விற்று, அது கைமாறி கைமாறிப் போன பிறகும், ஆர்.சி.யில் பெயர் மாறாததால் பழைய ஆள்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விற்ற வண்டிக்கே இதுதான் நிலை என்றால், வீட்டுக்குள் கைமாறிய வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தப்பு நம் பேரில் இல்லை என்றால்? அப்போதும் முழுக்கத் தப்ப முடியாது. பிரிவு 164-ன்படி, யார் மீது தவறு என்று பார்க்காமலே, மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கலாம். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் அதைக் கொடுக்க வேண்டியவர் உரிமையாளர்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஆட்களை அடையாளம் காட்டாமல். ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் ஒரு துணிப்பையில் காகிதங்களோடு என்னிடம் வந்தார். பையிலிருந்து முதலில் எடுத்து வைத்தது இன்சூரன்ஸ் பாலிசி. “எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. அதே தேதிதான், பாருங்க” என்றார். விபத்து நடந்தது ஒரு திங்கள்கிழமை. பாலிசியிலும் அதே திங்கள்கிழமைத் தேதி. பழைய பாலிசி ஞாயிறு நள்ளிரவோடு முடிந்திருக்கிறது. திங்கள் மாலை 6.40-க்கு மகன் காரை எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு மோட்டார் சைக்கிளில் மோதிவிட்டார். வந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் கூடியிருந்த யாரோ ஒருவர், “இன்சூரன்ஸ் இருக்கா பாருங்க, இல்லைன்னா இப்பவே போட்டுடுங்க” என்று யோசனை சொல்ல, போனிலேயே பணம் கட்டிப் பாலிசி வாங்கியிருக்கிறார்கள். பாலிசியின் முதல் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: காப்பு தொடங்கும் நேரம் 20:12.

அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். ஒன்றும் பேசவில்லை. பாலிசியில் நேரம் குறித்திருந்தால் அந்த நிமிடத்திலிருந்துதான் காப்பு, அன்று காலையிலிருந்து கிடையாது. 1990-களிலேயே உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த விஷயம் இது. போலீஸ் வழக்கில் விபத்து நேரம் 18.40. இன்சூரன்ஸ் கம்பெனி போட்ட எதிருரையில் இந்த இரண்டு நேரத்தைத் தவிர வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஒன்றரை மணி நேர இடைவெளி. தீர்ப்பு அப்பா, மகன் இருவர் மேலும் வந்தது. மகளுக்கென்று வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றுத்தான் கட்டினார்கள். அந்த மனுஷன் தன் வாழ்நாளில் கார் ஓட்டியதே இல்லை.

அவர் கேட்டதையே நீங்களும் கேட்கலாம்: “முடிஞ்ச பிறகு 90 நாள் அவகாசம் இருக்குன்னு சொன்னாங்களே சார்?” அந்த 90 நாள் நோ கிளெய்ம் போனஸுக்கானது. வருடா வருடம் கிளெய்ம் வாங்காமல் சேர்த்து வைத்த 20 முதல் 50 சதவீதத் தள்ளுபடியை இழக்காமல் இருக்க, பாலிசி முடிந்த 90 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த நாட்களில் விபத்து நடந்தால் ஒரு பைசா காப்பு கிடையாது. இது தெரியாமல் எத்தனை குடும்பங்கள் சிக்கியிருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பாலிசி விற்கிறவர்கள் இதை வாயால் ஒருமுறை சொன்னாலே போதும்.

கிரிமினல் வழக்கு தனியாக ஓடும். அது ஓட்டியவர் மேல். கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106-ன்படி 5 வருடம் வரை சிறை. பழைய சட்டத்தில் இது 2 வருடமாக இருந்தது. இன்சூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வழக்கு உண்டு. இன்சூரன்ஸ் இல்லை என்றால் பிரிவு 196-ம் சேரும்.

காரும் உடனே கைக்கு வராது. விபத்துக்குப் பிறகு வண்டி ஸ்டேஷனில் நிற்கும், பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் உள்ள வண்டி அதோடு வெளியே வந்துவிடும். இல்லாத வண்டியை, உரிமையாளர் இழப்பீட்டுக்குப் போதுமான பிணை கொடுத்தால்தான் விட வேண்டும், கொடுக்காவிட்டால் மூன்று மாதத்துக்குப் பிறகு ஏலம் போட்டு அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கார் லோன் பாக்கி இருந்தால் மாதத் தவணை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். சோதனையில் சாதாரணமாக நிறுத்தும்போது இன்சூரன்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்கு வண்டியைப் பறிமுதல் செய்ய பிரிவு 207 இடம் தரவில்லை. லைசென்ஸ் இல்லை, பதிவு இல்லை என்றால் செய்யலாம்.

உங்களுக்கு லைசென்ஸ் இருப்பதால் நல்லது. உங்கள் தம்பி தங்கை யாராவது 18 ஆகாமல் ஆசைக்கு அந்தக் காரை எடுத்தால் விஷயம் வேறு மாதிரி போய்விடும். பிரிவு 199-ஏ: பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க வேண்டியதையெல்லாம் செய்தேன் என்று நிரூபிக்கும் பாரம் பெற்றோர் தலையில். பாலிசி உயிரோடு இருந்து, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால், பெரும்பாலும் கம்பெனியை முதலில் பணம் கட்டச் சொல்லிவிட்டு, அதை உரிமையாளரிடம் திரும்ப வசூலித்துக்கொள்ளச் சொல்வார்கள். அடிபட்டவருக்குப் பணம் வந்துவிடும், அப்பா தப்ப மாட்டார்.

பாலிசி இருக்கிறது என்று நம்பிக்கொண்டே இல்லாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. புதுக் கார் வாங்கும்போது மூன்றாம் நபர் காப்பு 3 வருடத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறை. ஆனால் காரின் சொந்தச் சேதத்துக்கான காப்பைப் பெரும்பாலோர் ஒரு வருடத்துக்குத்தான் எடுப்பார்கள். ஒரே பாலிசியில் இரண்டு முடிவுத் தேதி. சிலர் இரண்டாவது வருடம் சொந்தச் சேதத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, மூன்று வருடத்துக்கு எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இன்னும் சிலர் நான்காவது வருடம் சொந்தச் சேதத்தை மட்டும் புதுப்பித்துவிட்டு, மூன்றாம் நபர் காப்பு முடிந்ததைக் கவனிக்காமல் இருப்பார்கள். இது ரொம்ப ஆபத்து, ஏனென்றால் சட்டம் கேட்பது அந்த மூன்றாம் நபர் காப்பைத்தான். செக் கொடுத்துப் பிரீமியம் கட்டியிருந்தால் அது பாஸ் ஆனதா என்றும் பாருங்கள். செக் திரும்பி, கம்பெனி பாலிசியை ரத்து செய்து அதை உங்களுக்கும் தெரிவித்துவிட்டிருந்தால், அதற்குப் பிறகு கையில் இருக்கும் பாலிசி வெறும் காகிதம். வீட்டு உபயோகத்துக்கான காரை வாடகைக்கு ஓட்டினாலும் பாலிசியின் நிபந்தனை உடைகிறது, கம்பெனி பொறுப்பை மறுக்க அது ஒரு காரணம்.

உடன் வரும் நண்பர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில், தனியார் காருக்குள் ஓசியில் வருபவர்களுக்குக் காப்பு கிடையாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில்தான் அவர்கள் வருவார்கள். பிரீமியத்தைக் குறைக்க தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்துவிட்டு நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்கு முன் இதை யோசியுங்கள்.

அப்பாவோ அம்மாவோ காலமான பிறகு அவர்கள் காரை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகளும் நிறைய. துக்கத்தில் இதெல்லாம் யாருக்குத் தோன்றும்? ஆனால் சட்டம் நாள் எண்ணுகிறது. இறந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்தால், வாரிசு 3 மாதம் வரை அந்த வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். பாலிசியும் உடனே செத்துவிடாது. இறந்த தேதியிலிருந்து 3 மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, எது முதலில் வருகிறதோ அதுவரை உயிரோடு இருக்கும். அதற்குள் பாலிசியை வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பாலிசி கையில் வரும் வரை காரைத் தெருவில் இறக்காதீர்கள், பக்கத்துக் கடைக்கானாலும் சரி. பொது இடம் என்று சட்டம் சொல்வதில் தெருமுனையும் அடக்கம். ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டுமென்றால், இடைவெளி விழுந்த காரைக் கம்பெனி ஒருமுறை பார்த்த பிறகுதான் கொடுக்கும். ஆளை அனுப்புவார்கள், அல்லது போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். அதில் பழைய கீறல், நசுங்கல் எதையும் மறைக்காதீர்கள். பின்னால் அதுவே பிரச்சினையாகும். பாலிசி வந்ததும் முதல் பக்கத்தில் தேதியோடு நேரத்தையும் பாருங்கள். அந்த நேரம் வந்த பிறகு சாவியை எடுங்கள். பாலிசியை டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ வைத்துக்கொண்டால் சோதனையில் அதைக் காட்டினாலே போதும். 19 நாள்தான் ஆகியிருக்கிறது என்பதால் நோ கிளெய்ம் போனஸ் போகவில்லை, அதைக் கேட்டு வாங்குங்கள்.

எப்போதாவது இன்சூரன்ஸ் இல்லாத நேரத்தில் விபத்து நடந்துவிட்டால், முதலில் அடிபட்டவரைப் பாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், ஓடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவிப்பது ஓட்டுநரின் சட்டக் கடமை. ‘நான்தான் ஓட்டினேன்’ என்று அப்பா முன்வந்து சொல்வதை அனுமதிக்காதீர்கள். பாசத்தில் சொல்வார்கள். ஆனால் அந்தப் பொய்யால் இழப்பீட்டுப் பொறுப்பு ஒரு ரூபாய்கூடக் குறையாது. கேமரா காட்சியோ ஒரு சாட்சியோ வந்தால் அப்பாவும் புதிதாக ஒரு கிரிமினல் வழக்கில் நிற்பார். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி 50,000 ரூபாய் கொடுத்து, ‘இனி ஒன்றும் இல்லை’ என்று வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவதும் பாதுகாப்பல்ல. அடிபட்டவர் பிறகு தீர்ப்பாயத்துக்குப் போவதை அந்தத் தாள் தடுப்பது அரிது. சிகிச்சைக்கு உதவுங்கள், கட்டாயம் உதவுங்கள். ஆனால் கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பில் கழித்துக்கொள்ளக் கேட்கலாம்.

தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவதும், வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிடுவதும்தான் நான் பார்த்த மிகப் பெரிய தவறு. ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டு, அதாவது நீங்கள் இல்லாமலே, வழக்கு நடக்கும். எதிரில் கேள்வி கேட்க ஆள் இல்லாததால், அவர்கள் சொல்லும் வருமானம், அவர்கள் சொல்லும் ஊனம் அப்படியே பதிவாக வாய்ப்பு அதிகம். மோட்டார் சைக்கிள்காரர் தவறான பக்கத்தில் வந்திருந்தால், அதைச் சொல்லிப் பொறுப்பைப் பங்கு போட்டிருக்கலாம். அதைச் சொல்லவே ஆள் இல்லாமல் போய்விடும். பணம் கட்ட முடியாத நிலையில் இருப்பவர்தான் முதலில் வக்கீலைப் பார்க்க வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். லோக் அதாலத்தில் இரு தரப்பும் உட்கார்ந்து தொகையைப் பேசி, தவணையில் கட்டுவதாக முடித்த வழக்குகளும் உண்டு.

கடைசியாக ஒன்று. அந்த 19 நாள் யாருக்கும் தெரியாமல் எப்படிப் போனது என்று பாருங்கள். என்னிடம் வரும் பாலிசிகளில் போன் நம்பர் என்ற இடத்தில் பல தடவை ஏஜெண்டின் நம்பரோ, அப்பா பத்து வருடம் முன்பு வைத்திருந்து விட்டுவிட்ட நம்பரோ இருக்கும். கம்பெனி அனுப்பும் நினைவூட்டல் எல்லாம் அங்கே போய்க்கொண்டிருக்கும். புதுப்பிக்கும்போது அந்த இடத்தில் அப்பாவின் இப்போதைய நம்பரைக் கொடுங்கள், ஈமெயில் என்ற இடத்தில் உங்களுடையதைக் கொடுங்கள்.